பதினான்கு வீட்டுப் படிவங்கள்

குவீன்ஸ்டவுன், சிங்கப்பூர்,
புதன்கிழமை இரவு

அன்புள்ள ஜோதி அக்காவுக்கு,

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. உன் அறைத்தோழிக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் அவள் கண்ணில் படும்படி மேசையில் வைக்காதே. அம்மாவிடம் பேசும்போது வாய் தவறிக்கூட இதைப் பற்றிக் கேட்டுவிடாதே. படித்து முடித்ததும் கிழித்துப் போட்டுவிடு. நாளைக் காலை அம்மா உனக்குப் பார்சல் அனுப்புகிறார், அதில் இக்கான் பிலிஸ் கருவாட்டுப் பொட்டலத்துக்கும் மிளகாய்த்தூளுக்கும் நடுவில் இதை மடித்துச் செருகப் போகிறேன். கைப்பேசியில் அனுப்பினால் கூடத்தில் இருக்கும் ஐபேடிலும் வந்து நிற்கும், அப்பா பார்த்துவிடுவார், அதனால்தான் தாளில் எழுதுகிறேன். அம்மா எப்போதும் போல் எழுதிய கடிதமும் பார்சலில் இருக்கும். இங்கே எல்லாரும் சுகம், மாதா அருளால் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறார். அது பொய் இல்லை. அம்மாவுக்குத் தெரிந்தவரை எல்லாரும் சுகம்தான். நானும் உன் சுகத்தைக் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன். டப்ளினில் குளிர் விட்டதா, அந்த இருமல் போய்விட்டதா, இரவுப் பணி முடிந்து வந்து சாப்பிடாமல் தூங்கிவிடுகிறாயா. அம்மா இதையெல்லாம் இரண்டு பக்கம் கேட்டிருப்பார், நீ இருவருக்கும் சேர்த்து ஒரே பதில் போட்டால் போதும்.

வீட்டுச் செய்தி என்றால், அப்பாவுக்குப் பேருந்து டிப்போவில் இன்னும் மாலை ஷிப்டுதான். முழங்கால் வலிக்கிறது என்கிறார், ஆனால் மருத்துவரிடம் போகச் சொன்னால் டிப்போவில் ஆள் இல்லை என்கிறார். அம்மா லூர்து மாதா கோயிலில் தமிழ்ப் பூசைப் பாடகர் குழுவில் சேர்ந்துவிட்டார், ஞாயிறு தோறும் பூசை முடிந்து தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு வரும் வழியெல்லாம் பாடிக்கொண்டே வருகிறார், எம்ஆர்டி ரயிலில் எனக்கு வெட்கமாக இருக்கிறது. எனக்குக் கணக்கில் போன தவணையைவிட நல்ல மதிப்பெண். இவ்வளவுதான் நல்ல செய்தி. இனி எழுதப் போவதை இரண்டு வாரமாக யாரிடம் சொல்வது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நகர மன்றத்தார் நம் பேட்டைக்கு ஒரு தொகை ஒதுக்கியிருப்பதாகவும் அதை எதற்குச் செலவு செய்வது என்று இந்த முறை குடியிருப்பாளர்களே வாக்குப் போட்டு முடிவு செய்யலாம் என்றும் அறிவித்தார்கள். இதற்கு முன்னால் அவர்களே வந்து வண்ணம் அடிப்பார்கள், அவர்களே பெஞ்சு போடுவார்கள், நாம் பார்த்துவிட்டு இந்த நிறம்தான் கிடைத்ததா என்று முணுமுணுப்போம், உனக்கே தெரியும். இந்த முறை கீழ்த்தளத்தில் இரண்டு படங்களை வைத்தார்கள். ஒன்று, நம் அடுக்குமாடிப் புளோக்குக்குப் பின்னால் பேருந்து நிறுத்தத்துக்கு இறங்கும் அந்தப் பதினோரு படிகளை எடுத்துவிட்டு, கூரையும் கைப்பிடியும் உள்ள சரிவுப் பாதை. இன்னொன்று, கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பந்துத் திடலுக்குக் கூரை, புதிய தரை, விளக்கு. இரண்டுக்கும் பணம் போதாது, ஒன்றுதான். வீட்டுக்கு ஒரு வாக்கு. கைப்பேசியில் போடத் தெரிந்தவர்கள் போட்டார்கள், மற்றவர்களுக்குத் தாளில் படிவம். அப்பா பேட்டைக் குழுவின் செயலாளர் என்பதால் நம் புளோக்கில் படிவம் வாங்கும் வேலை அவருடையது, ஆனால் மாலை ஷிப்ட். அதனால் அட்டையையும் பேனாவையும் என்னிடம் கொடுத்து நான்கு நாள் மாலை என்னை அனுப்பினார். பள்ளியில் அதைச் சமூக சேவை மணிநேரமாகக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள், வகுப்பாசிரியை எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார்.

நம் புளோக்கில் என்ன வழக்கம் என்று உனக்குத் தெரியும். அரசாங்கத்திலிருந்து எந்தக் கடிதம் வந்தாலும் உறையைப் பிரிக்காமல் நம் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள், முன்பு நீ படித்துச் சொன்னாய், இப்போது நான் சொல்கிறேன். அதனால் என்னைப் பார்த்ததும் பாதிப் பேர் படிவத்தைப் படிக்கவே இல்லை. வீட்டு எண்ணை எழுதி, கையெழுத்துப் போட்டு, கட்டத்தில் ஒன்றும் போடாமல் என்னிடமே நீட்டினார்கள். “அடுப்புல கொழம்பு இருக்குமா, நீயே பாத்துப் போட்டுரு லா” என்றார் ஒருவர். இன்னொருவர் கதவைக்கூட முழுதாகத் திறக்கவில்லை, கம்பிக்கதவு வழியாகவே கையெழுத்துப் போட்டார். நான் அவர்களை நிறுத்தி, இல்லை நீங்களே குறியிடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாலாவது நாள் முடிவில் என் கையில் நாற்பத்தொரு படிவம் இருந்தது, அதில் பதினான்கு வெறும் கட்டம்.

அந்தப் பதினான்கில் பத்துப் பேர் எது வேண்டுமானாலும் போடு என்றவர்கள். நான்கு பேர் அப்படிச் சொல்லவில்லை அக்கா. நம் எதிர்வீட்டுத் தங்கம் ஆன்ட்டிக்கு வேண்டிய சரிவுப் பாதைக்கே போடு என்றார்கள். நீ போன மூன்றாம் மாதம் ஆன்ட்டியின் கணவர் சுந்தரம் அங்கிளுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது என்று அம்மா எழுதியிருந்தாரே. இப்போதும் சக்கர நாற்காலிதான், செவ்வாயும் வியாழனும் மதியம் மூன்று மணிக்கு உடற்பயிற்சி சிகிச்சை. ஒன்பதாம் மாடி ரஞ்சன் அங்கிள் என்னிடம், “நான் எங்கம்மா பந்து வெளையாடப் போறேன், அந்த ரேம்புக்கே போடு, தங்கம் பாவம். ஒங்கப்பாகிட்ட சொல்லு, நான் மண்டையப் போடறதுக்குள்ள கட்டச் சொல்லி” என்றார். நான் சிரித்துக்கொண்டே சரி அங்கிள் என்றேன். இந்த நான்கு பேரையும் நான் ஏமாற்றினேன்.

ஏன் என்று கேட்பாய். பள்ளி வலைப்பந்து அணித் தேர்வில் என்னையும் என் தோழி வர்ஷாவையும் காத்திருப்போர் பட்டியலில் வைத்தார்கள். பயிற்சி போதவில்லை என்றார் பயிற்றுநர். மழை பெய்தால் நம் திடலில் தண்ணீர் தேங்குகிறது, வர்ஷா அங்கேதான் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். அந்தக் கூரை வந்தால் தினமும் ஆடலாம் என்று நாங்கள் இருவரும் அந்தப் படத்தின் முன்னாலேயே நின்று பேசியிருக்கிறோம். ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவில் படிக்கட்டில் உட்கார்ந்தேன். முதலில் அந்தப் பத்துப் படிவத்திலும் திடலுக்குக் குறியிட்டேன். எதுவானாலும் சரி என்றவர்கள்தானே என்று நினைத்தேன். அது முடிந்ததும் என் கை நிற்கவில்லை. தங்கம் ஆன்ட்டிக்கு ஊரே போடும், இந்த நான்கு இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும், அடுத்த வருஷம் எப்படியும் பாதையும் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு எழுந்து பாவாடையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து அம்மா செய்த தோசையைச் சாப்பிட்டேன், அதுதான் இப்போது நினைத்தால் எனக்கு அசிங்கமாக இருக்கிறது.

மின்தூக்கிக்குப் பக்கத்தில் முடிவை ஒட்டினார்கள். பந்துத் திடல் நூற்று முப்பத்தொன்று, சரிவுப் பாதை நூற்று இருபத்துநான்கு. எனக்குக் கணக்கில் நல்ல மதிப்பெண் என்று சொன்னேனே, அங்கே நின்றபடியே கணக்குப் போட்டுவிட்டேன். அந்த நான்கையும் சொன்னபடி போட்டிருந்தால் பாதைக்கு நூற்று இருபத்தெட்டு, திடலுக்கு நூற்று இருபத்தேழு. அப்போது தங்கம் ஆன்ட்டி சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். “பரவால்ல லா, பசங்க வெளையாடட்டும்” என்றார். அதோடு முடிந்திருக்கும். அதே நேரம் அவர்கள் பக்கத்து வீட்டு நஸீஹா அக்கா வந்தார். நீ போன பிறகு குடிவந்தவர், மூன்று பையன்கள், கடைக்குட்டி பந்தைத் தட்டிக்கொண்டே வந்தான். தங்கம் ஆன்ட்டி அவரைப் பார்த்து, “என்ன நஸீஹா, ஜெயிச்சிட்டீங்களே, பிரியாணி எப்போ” என்று கேட்டார். சிரித்துக்கொண்டே கேட்டதால் நஸீஹா அக்காவும் சிரித்தார், “நான் ஒங்களுக்குத்தான்கா போட்டேன்” என்றார். “ஆமா, கேட்டா எல்லாரும் எனக்குத்தான் போட்டேங்கிறாங்க. மிச்சத்தப் பேய் வந்து போட்டுட்டுப் போயிருச்சு போல. மூணு பசங்கள வச்சிக்கிட்டு நீ ரேம்புக்குப் போட்ட, நான் நம்பணும்” என்றார் ஆன்ட்டி. நஸீஹா அக்காவின் முகம் மாறிவிட்டது. என் பக்கம் திரும்பி, “டானி, நீதானே வந்து வாங்கின, ஒன் முன்னாலதானே நான் போட்டேன், சொல்லும்மா” என்று கேட்டார்.

அக்கா, அவர் என் முன்னால்தான் போட்டார். பெரிய மகனைக் கூப்பிட்டு, “பாத்துக்கடா, ஒனக்கு இல்ல, அங்கிளுக்கு” என்று காட்டிவிட்டுப் பாதைக்குத்தான் குறியிட்டார். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் நான் சொன்னால் அப்படியானால் வேறு யார் என்று பேச்சு வரும், ஒவ்வொருவராகக் கேட்பார்கள், ரஞ்சன் அங்கிள் நான் உன்னிடம் பாதைக்குத்தானே போடச் சொன்னேன் என்பார். அதனால், “யாரு எதுக்குப் போட்டாங்கன்னு வெளிய சொல்லக் கூடாது ஆன்ட்டி, ரூல் இருக்கு” என்றேன். அந்த விதி உண்மைதான், முதல் நாளே அப்பா சொல்லிக் கொடுத்தார். “பாத்தியா, புள்ளயே வாயத் தெறக்க மாட்டேங்குது” என்றார் தங்கம் ஆன்ட்டி. நான் பேசாததையே சாட்சியாக எடுத்துக்கொண்டார். சுந்தரம் அங்கிளுக்கு இன்னும் பேச்சு சரியாக வரவில்லை, நாற்காலியில் இருந்தபடி “விடு, விடு” என்று மட்டும் சொன்னார். மின்தூக்கி வந்தது. நஸீஹா அக்கா ஏறவில்லை, பிறகு வருகிறேன் என்று நின்றுவிட்டார். படிவத்தில் போட்ட குறியைவிட இதுதான் அக்கா என்னை அரிக்கிறது. படிவத்தில் யாருடைய முகமும் இல்லை, இங்கே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே செய்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. நஸீஹா அக்கா முன்பு சாப்பாடு வைத்துக் கொடுத்திருந்த பாத்திரத்தை ஆன்ட்டி வெறும் பாத்திரமாகக் கழுவிக் கம்பிக்கதவில் மாட்டிவிட்டு வந்தார். ஒரு கைப்பிடி முறுக்காவது போடாமல் யாராவது பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்து இந்தப் புளோக்கில் பார்த்திருக்கிறாயா. முன்பெல்லாம் செவ்வாயும் வியாழனும் நஸீஹா அக்காவின் பெரிய பையன்கள் இருவரும் பள்ளி விட்டு வந்ததும் நாற்காலியோடு அங்கிளைத் தூக்கி அந்தப் பதினோரு படிகளையும் இறக்கிவிடுவார்கள். இப்போது ஆன்ட்டி அவர்களைக் கூப்பிடுவதில்லை. நேற்று நான் பள்ளியிலிருந்து வந்து நடைவழியில் நின்று பார்த்தேன். ஆன்ட்டி தனியாக நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்பி ஒவ்வொரு படியாக இறக்கினார். பாதியில் ஒரு சக்கரம் நழுவியது, ஆன்ட்டி தன் முழங்காலைக் கொடுத்து நிறுத்தினார். சாப்பாடு கொண்டுபோகிற யாரோ ஒருவர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்து பிடித்தார். அந்தப் பையன்கள் இருவரும் கீழே பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள், கூப்பிட்டால் போகலாம் என்று நின்றார்கள். ஆன்ட்டி அவர்கள் பக்கம் பார்க்கவே இல்லை. யாரும் விழவில்லை. ஆனால் நாளைக்கு வியாழன்.

போன சனிக்கிழமை கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர்தான் இருந்தார்கள். பின்னால் அப்பா வந்து நின்றார், தலையைத் தடவினார், நான் தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி வெளியே வந்துவிட்டேன். அவரைப் பார்க்கவே முடியவில்லை. காப்பிக்கடையில் யாரோ வாக்கைப் பற்றிக் கிண்டல் செய்தபோது, “என் பொண்ணு வாங்குனது, ஒரு ஃபாரத்துலகூடத் தப்பு இருக்காது” என்று சொன்னாராம், அம்மா பெருமையாகச் சொல்கிறார்.

இப்போது அது இன்னும் பெரிதாகிவிட்டது. தங்கம் ஆன்ட்டி கேட்டுக்கொண்டதால் ரஞ்சன் அங்கிள் ஆங்கிலத்தில் ஒரு புகார் எழுதிக் குழுவுக்குக் கொடுத்திருக்கிறார். நஸீஹா அக்கா வீடு வீடாகப் போய்த் திடலுக்குப் போடச் சொன்னார் என்று புகார். அவர் அந்த வாரம் வீடு வீடாகப் போனது உண்மைதான், மகனின் பள்ளிக்குப் பழைய செய்தித்தாள் சேர்க்கத்தான் போனார், நம் வீட்டிலும் வாங்கினார். வெள்ளிக்கிழமை குழு கூடி அவரைக் கூப்பிட்டு விசாரிக்கும். அவருடைய கணவர் அஸ்மத் அண்ணன், “நமக்கு எதுக்கு வம்பு, வேற எடத்துக்கு வீடு மாத்திரலாம்” என்று சொல்வது நடைவழியில் எனக்கே கேட்டது. புகாரைத் தள்ளிவிட்டால் திங்கட்கிழமை திடல் வேலையைக் குத்தகைக்குக் கொடுத்துவிடுவார்கள், அதன் பிறகு மாற்ற முடியாது. நம் புளோக்குப் படிவங்கள் எல்லாம் அவரவர் விருப்பப்படியே வாங்கப்பட்டவை என்று அப்பா இன்று ஓர் அறிக்கை எழுதுகிறார். வாங்கியவள் என்ற முறையில் நானும் அதில் கையெழுத்துப் போட வேண்டுமாம். சாப்பிடும்போது சொன்னார். இப்போது கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறார், அவர் நாற்காலியை நகர்த்துகிற சத்தம் எனக்குக் கேட்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. போலிக் குறி போட்டதற்குப் போலீசுக்குப் போவார்களா என்று தெரியவில்லை. பள்ளிக்குத் தெரிந்தால் என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. அதைவிட, பதினோரு வருடமாக அப்பா அந்தக் குழுவில் இருக்கிறார், அவர் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று என் மகள் செய்தாள் என்று சொல்ல வேண்டும். உன்னைக் கேட்டு, நீ சொன்னபடி செய்யலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். பாதி எழுதிய பிறகுதான் உறைத்தது, பார்சல் டப்ளின் வந்து சேரப் பத்து நாள் ஆகும். நீ இதைப் படிக்கும்போது வெள்ளியும் போயிருக்கும், திங்களும் போயிருக்கும். இதைத் தெரிந்துகொண்டுதான் நான் கடிதம் எழுதினேனோ என்று இப்போது என் மேலேயே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. கேட்டேன் என்றும் ஆகிவிடும், பதில் வரும்வரை ஒன்றும் செய்யவும் வேண்டாம்.

உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு வயது இல்லை. ஆனாலும் ஒன்று எழுதுகிறேன். உன் மருத்துவமனையில் வயதானவர்கள் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டுத் தாளை உன்னிடம் நீட்டுவார்கள், நீ நல்லவள் என்று நம்பித்தான் நீட்டுவார்கள். எவ்வளவு அவசரம் என்றாலும் வாங்கிவிடாதே. உட்கார வைத்துப் படித்துக் காட்டு, அவர்கள் கையாலேயே குறியிட வை. அவர்கள் சலித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

அம்மாவின் கடிதத்துக்கு மறக்காமல் பதில் போடு. நீ அனுப்பிய படத்தில் மெலிந்து தெரிகிறாய் என்று கவலைப்படுகிறார். ஈரத் தலையோடு வெளியே போகாதே. மாதா உன்னோடு இருந்து காப்பாற்றட்டும், எனக்காகவும் ஒரு செபமாலை சொல். அந்த அறிக்கையில் கையெழுத்துப் போடாமல் எப்படி

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். தூங்கிட்டியாம்மா, ஒரு கையெழுத்து வேணும் என்கிறார். விளக்கை அணைத்தால் போய்விடுவார், என்னை எழுப்ப அவருக்கு எப்போதும் மனசு வராது. இல்லப்பா, முழிச்சுத்தான் இருக்கேன், உள்ள வாங்க என்று சொல்லிவிட்டேன்